தேனீயைப் படமெடுக்கப் போன பங்குனி

களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் இறங்கிய சிறிது நேரத்திலேயே தவறான பேருந்தில் ஏறினேன். ஊர் தெரியாமையால் அல்ல, அச்சத்தால். கரும்புச்சாறு பிழியும் வண்டியருகே பெட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பிழிந்து போட்ட கரும்பின் மேல் ஏதோ ஊர்வதுபோல் தோன்றவே குனிந்து பார்த்தேன். தேனீக்கள். அடுத்த கணம், கதவு திறந்து நின்ற முதல் பேருந்துக்குள் பெட்டியோடு பாய்ந்துவிட்டேன்.

"மார்த்தாண்டமா? இது புதுக்கடைக்குல்லா போவுது, பெரியவரே! மார்த்தாண்டம் பஸ் பின்னால நிக்குது" என்றார் நடத்துநர்.

நான் எழவில்லை. பக்கத்து இருக்கையில் மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மையார் எனக்காகப் பரிந்து பேசினார். "இருக்கட்டும் தம்பி. புதுக்கடையில எறங்கி வேற பஸ் பிடிச்சுக்கிடுவாரு." பிறகு முன்னிருக்கைப் பெண்ணிடம் சொன்னார்: "பாட்டா நல்லா பேடிச்சுப் போயிருக்காரு. மொகத்தப் பாருட்டி."

உண்மைதான். பேடி என்றால் அச்சம் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அந்தச் சொல்லோடுதான் குமரி மாவட்டத்தில் என் நாள்கள் தொடங்கின.

நான் மலேசியாவின் கிள்ளானில் வாழ்பவன். அங்கே ஒரு சிவன்கோயிலில் நெடுங்காலமாகப் பதிகம் ஓதி வருகிறேன். ஈராண்டுகளுக்கு முன் அக்கோயில் நந்தவனத்தில் பூப்பறிக்கையில் ஒரு தேனீ என் புறங்கையில் கொட்டியது. பொறுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிய வேளையில் நாக்கு தடித்தது, தொண்டை அடைத்தது, கண் இருண்டது. மருத்துவமனையில் விழித்தெழுந்தபோது மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: "அடுத்த முறை இவ்வளவு நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம், ஐயா." தொடையில் குத்திக்கொள்ளும் பேனா போன்ற ஓர் ஊசியைக் கொடுத்து, எங்கு சென்றாலும் உடன் வைத்திருக்கச் சொன்னார். அன்றுமுதல் என் மார்பில் உருத்திராக்கமும் சட்டைப்பையில் அந்த ஊசியுமாகத் திரிகிறேன்.

அப்படிப்பட்டவனை ஒரு தேனீயைப் படமெடுத்து வரும்படி அனுப்பினார்கள்.

எங்கள் ஓதும் குழு நாட்காட்டி ஒன்று அச்சிட விரும்பியது. நான் குமரிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் புறப்படுவதை அறிந்த செயலாளர் புவனேசுவரி அம்மையார் உறுதியாகச் சொல்லிவிட்டார்: "கோபுரம் வேண்டா, முக்கடலும் சூரியனும் வேண்டா. அவை எல்லார் வீட்டிலும் தொங்குகின்றன. வாசலிலும் கிணற்றடியிலும் வசந்தம் என்ன செய்கிறது என்று பார்த்து எடுத்து வாருங்கள். பங்குனிப் பக்கத்திற்கு ஒரு வண்டு; பதிகத்தில் வரும் தேனுண்ணும் வண்டு, தேனீதான்." ஒப்புக்கொண்டேன். வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பாட்டுக்குப் பாட்டு அவற்றைப் பாடியே வாழ்ந்தவன், ஒரு படத்திற்கு அஞ்சுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மார்த்தாண்டத்தில் காத்திருந்த சம்பந்தி ஞானதாஸ், நான் அழைத்ததும் புதுக்கடைக்கு ஸ்கூட்டரில் வந்தார். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். மஸ்கட்டில் பல்லாண்டு கிரேன் ஓட்டித் திரும்பியவர். பெட்டியை முன்னால் இருத்தி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, வழிநெடுகப் பேசியபடியே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் ஐந்தெழுத்தை உருவேற்றினேன். வீடு நெருங்கும்போது சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வந்தன. பழைய இலையெல்லாம் உதிர்ந்து, செம்பு நிறத்தில் புதுத்தளிர் விட்டிருந்தன. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அந்தத் தளிரின் நிறத்தைக் கண்டதும் மனம் சற்று இளகியது.

இளகிய மனம் வீட்டு வாசலிலேயே இறுகிவிட்டது. வரவேற்க வந்த சம்பந்தியம்மாள் லீலாபாயின் கையில் புகை கக்கும் தகரக் குவளை ஒன்று இருந்தது.

"வாங்க அண்ணே. தேன்பெட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன். கைய கழுவிட்டு வாறேன்."

மருமகள் என் நோயைப் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். தாயார் தேன்பெட்டி வைத்திருப்பதை எனக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். அவ்வூரில் கோழி வளர்ப்பதைப் போல அது; யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. ரப்பர் தளிர்க்கும் மாசி, பங்குனியில்தான் அங்கே தேன். பூவிலிருந்துகூட அல்ல, மூன்று இலைகள் கூடும் காம்பின் நுனியில் வியர்வைபோல் இனிப்பு ஊறுகிறது. அதற்காகப் பெட்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். லீலாபாயின் பெட்டிகள் வீட்டின் பின்புறம், சமையலறைச் சன்னலுக்கு நேரே இருந்தன.

கருப்பட்டிக் காப்பியும் மட்டி வாழைப்பழமும் தந்தபடி அவர் எனக்கு எல்லை வகுத்தார். "முன்முற்றம், கிணத்தடி, மரச்சீனி விளை எல்லாம் உங்களுக்கு. பின்பக்கம் மட்டும் போவாதிய. அதுக அந்தப் பக்கமாத்தான் பறந்து போவும். இஞ்ச வராது."

"வந்தால்?"

"வந்தா நான் பேசிக்கிடுதேன்" என்றார் சிரிக்காமல்.

அடுத்த சில நாள்கள் முற்றத்துக்கும் மரவள்ளித் தோட்டத்துக்கும் இடைப்பட்ட அந்த எல்லைக்குள்ளேயே வசந்தத்தைத் தேடினேன். அஞ்சுகிறவன் தரையைப் பார்த்தே நடப்பான். அது படத்திற்கு நல்லது. சேம்பிலையில் உருண்ட நீர்த்துளிக்குள் வீடு முழுவதும் தலைகீழாகத் தொங்கியது. கிணற்றுச் சுவரின் பாசியில் ஊசிமுனை அளவில் ஒரு காளான் குடை விரித்திருந்தது. உதிர்ந்து மக்கிய ரப்பர் இலையில் நரம்பு மட்டும் எஞ்சி, திருநீறு உலரவிட்ட மெல்லிய துணிபோல் கிடந்தது. வெளிச்சம் போதாத இடத்தில் என் வெள்ளை மேல்துண்டை விரித்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி போதுமானதாக இருந்தது. பிஞ்சுப் பலாவின் முள்களுக்கிடையே எறும்பு நடக்கும் படத்தை மண்ணில் படுத்துக்கொண்டே எடுத்தேன். அவ்வழியே போன ரப்பர்ப் பால்வெட்டுக்காரர் ஒருவர், "யாரோ விழுந்து கிடக்காரு, ஏலே ஓடி வாங்கலே!" என்று கூவி ஊரைக் கூட்டிவிட்டார்.

ஆனால் ஒவ்வொரு படத்தின்போதும் என் காது வேறு வேலை செய்துகொண்டிருந்தது. தொலைவில் செல்லும் இருசக்கர வண்டி, பக்கத்து வீட்டு மாவரைக்கும் யந்திரம், எதுவாயினும் முதலில் எனக்கு ரீங்காரமாகவே கேட்டது. கை தானே சட்டைப்பைக்குப் போய் ஊசியைத் தொட்டுப் பார்த்தது.

ஒரு நாள் ஞானதாஸ் என்னை வாடகைக் காரில் ஆரல்வாய்மொழிக்கு அழைத்துச் சென்றார். "அங்க ஒரே காத்து, கேட்டா? ஒரு ஈயும் நிக்காது சம்பந்தி" என்று ஆசை காட்டினார். காற்று நிற்கவிடாமல் என்னையும் தள்ளியது. காற்றாலைகளின் கைகள் தலைக்கு மேல் சுழல, அவற்றின் நிழல்கள் வரிசையாக வந்து என்னைக் கடந்துபோயின. ஒவ்வொரு நிழலும் தொடும்போது தோளைக் குறுக்கிக்கொண்டேன். காற்றில் சாய்ந்த ஒரு கோரைப்புல் தன் நுனியால் மணலில் வளைகோடு வரைந்திருந்தது. அன்று கிடைத்த படம் அது ஒன்றுதான். திரும்பும் வழியில் வாட்டிய ஏத்தன் வாழைப்பழம் வாங்கித் தந்தார். கடைக் கண்ணாடியில் ஈ மொய்த்ததைக் கண்டு, அதை வண்டிக்குள் அமர்ந்தே தின்றேன்.

"இப்படிப் பேடிச்சா என்ன செய்யது, சம்பந்தி?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நலமாயிருக்கும். மாறாக, என்னைப் பார்த்துப் பார்த்து அவர் தமக்குள் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் லீலாபாய் தம் கிறிஸ்தவ சபையின் பெண்கள் கூடுகைக்காக நாகர்கோவில் சென்றார். ஓரிரவு அங்கே தங்கல். போகுமுன் எனக்கு உப்பும் தேங்காயும் தூக்கலாகப் பயற்றங்கஞ்சி வைத்து, மீன் பாத்திரங்களில் எதுவும் என் பக்கம் வரக்கூடாதென்று கணவரை எச்சரித்தார். தேன்பெட்டிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் அவற்றின் அருகே சென்றதே இல்லை என்பதால் சொல்லத் தோன்றியிராது.

அன்று அந்தி சாய்ந்ததும் ஞானதாஸைக் காணவில்லை. இரவு உணவு வேளையில் வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"சம்பந்தி, இனி நீங்க பின்பக்கமும் நடக்கலாம். பெட்டி எல்லாத்தையும் வாய அடைச்சு, தூக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் வச்சு, வாயையும் தெறந்து விட்டாச்சு. அவ வந்து பாத்து அசந்து போவா."

அந்த அன்பை எப்படி மறுப்பது? கைகூப்பினேன். நெடுநாளைக்குப் பின் அன்றுதான் அச்சமின்றி உறங்கினேன்.

காலையில் வெயில் ஏறிய பிறகு முன்முற்றத்தில் ஒரு சிலந்தி வலையின் முன் குந்தியிருந்தேன். ரீங்காரம் கேட்டது. வழக்கம்போல் மாவரைக்கும் யந்திரம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது வளர்ந்தது. வீட்டின் மூலையைச் சுற்றிக்கொண்டு புகைபோல் ஒன்று வந்தது.

எப்படி உள்ளே போனேன் என்பது நினைவில்லை. கதவைச் சாத்திய ஓசை மட்டும் நினைவிருக்கிறது.

நடந்தது பிறகுதான் விளங்கியது. தேனீ தன் பெட்டியை அல்ல, பெட்டி இருந்த இடத்தையே வீடாக நினைவில் வைத்திருக்கிறது. சற்றுத் தொலைவுக்கு மாற்றினால், காலையில் இரைதேடிப் போனவை யாவும் பழைய இடத்திற்கே திரும்புகின்றன. அங்கே வீடில்லை. ஆயிரக்கணக்கில், சுமையோடு வந்து, சமையலறைச் சன்னலிலும் கொடிக்கயிற்றிலும் சுவரிலும் தங்கள் வாசலைத் தேடிக்கொண்டிருந்தன.

ஞானதாஸ் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் முழுவதும் எனக்குக் கேட்டது.

"பெட்டியத் தூக்கினியளா? யாரு கேட்டு தூக்கினிய?"

"நல்லதுக்குத்தான் லீலா செஞ்சேன். சம்பந்திக்கு..."

"நல்லதுக்கு! கிரேன் ஓட்டின கை சும்மா இருக்குமா, எதையாவது தூக்கி எங்கயாவது வைக்கணும். அண்ணன் எங்க?"

"ரூமுக்குள்ள."

"கதவைத் தெறக்கப்பிடாது. வென்டிலேட்டர எல்லாம் துணி வச்சு அடைங்க. பின்ன, கதம்பையப் பத்தவச்சு புகையப் போட்டுட்டு, ஒரு காலிப் பெட்டியக் கொண்டு பழைய இடத்துல வைங்க. அதுல அடஞ்சுக்கிடும். நான் பஸ் ஏறுதேன்."

கதம்பை எனப்படும் தேங்காய் மட்டை புகைவது கதவிடுக்கில் மணத்தது. என் அறையின் காற்றுத் துளைகளை என் வேட்டிகளால் அடைத்தேன். அடைத்து முடித்துத் திரும்பும்போது, திரைச்சீலையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

கட்டிலின் மறுகோடியில் அமர்ந்தேன். ஓத முயன்றேன். ஆயிரம் முறை ஓதிய பதிகம். முதல் அடிக்கு மேல் வரவில்லை. அடுத்த அடியில் வண்டு வரும் என்று எனக்குத் தெரியும். இறைவன் பெயர்கூட அச்சொல்லைத் தாண்டி எழ மறுத்தது. இத்தனை காலம் ஓதியது யார், இப்போது இங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு கலக்கம் உண்டாயிற்று.

அது பறந்தது. ஒரு சுற்று. என் தலைக்குப் பின்னால் எங்கோ போனது. ஓசை நின்றது.

பின்கழுத்தில் ஏதோ சுருக்கென்றது.

நாக்கு தடித்தது; தொண்டை அடைத்தது; அன்று கிள்ளானில் வந்தவை யாவும் வரிசை தப்பாமல் வந்தன. ஊசியை எடுத்து மூடியைக் கழற்றினேன். தொடையில் வைத்தேன். ஓர் ஊசிதான் உண்டு. குத்தியபின் உண்மையாகவே கொட்டினால், வெளியே இத்தனை ஆயிரம் இருக்க, மருத்துவமனைக்கு எப்படிப் போவது? குத்தாமல் இருந்து, கொட்டியிருந்தால்? அப்போதுதான் இத்தனை நாள் படமெடுத்துவந்த தொலைபேசி இடக்கையில் இருப்பதை உணர்ந்தேன். அதை முதுகுப்புறம் கொண்டுபோய், கழுத்தை நோக்கி, கண்ணால் காணாமலே ஒரு படம் எடுத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கம் விழுந்த ஒரு கிழக் கழுத்து. வியர்வையில் ஒட்டிய திருநீறு. உருத்திராக்க மாலையின் முடிச்சு தோலில் அழுந்திச் சிவந்த தடம். தடிப்பில்லை; கொடுக்கில்லை. மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தேன். உள்ளே சென்றது. மூடியை ஊசியில் பொருத்துவதற்கு நெடுநேரம் பிடித்தது.

வெளியே ஞானதாஸின் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி! பேடிக்காதிய!" சொற்கள் குழறின. பிற்பாடு பார்த்தபோது உதடும் ஒரு காதும் பலாச்சுளைபோல் வீங்கியிருந்தன.

லீலாபாய் வந்த ஓசை கேட்டது. அழைப்பின்றிக் கதவு விரலளவு திறந்தது. "உள்ள உண்டா அண்ணே?" என்றார். மீண்டும் திரைச்சீலைக்கே திரும்பியிருந்த தேனீயை நான் கண்ணால் காட்டினேன். வந்தார். என் குடிநீர்க் குவளையைக் கவிழ்த்து அதை மூடி, அடியில் ஒரு தாளைச் செருகி எடுத்துப் போனார். வேர்வை மணக்கும் அவரது சேலை என்னைக் கடந்து சென்றபோது, அந்த அறையில் காற்று இருப்பதே எனக்கு உறைத்தது.

மாலைக்குள் அலைந்தவை காலிப் பெட்டியில் அடைந்தன. இரவு கவியுமுன் இருவரும் ஓடைக்கு அப்பாலிருந்த பெட்டிகளைச் சுமந்து பழைய இடத்தில் வைத்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துவையலும் முன்னால் இருக்க, யாரும் உண்ணவில்லை.

"நாளைக்கு வண்டி பிடிச்சு எல்லாத்தையும் குலசேகரத்துல எங்க அண்ணன் தோட்டத்துக்கு அனுப்புதேன்" என்றார் லீலாபாய். "தூரம் போனா திரும்பாது."

தேன் ஊறும் காலம் அந்தச் சில வாரங்களே. பெட்டிகளைக் கலைத்து அனுப்பினால் அவருக்கு அந்த ஆண்டில் தேனில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. "அவை இருக்கட்டும், அம்மா. நான் கிளம்புகிறேன்" என்றேன்.

"ஆமா, நீங்க கிளம்பிப் போனா உங்க மருமவ எங்கிட்ட பேசுவாளா? இவரு மொகத்தப் பாருங்க, ஏற்கெனவே ஒரு ஆளு பேச முடியாம இருக்காரு." ஞானதாஸ் வீங்கிய உதட்டோடு சிரிக்க முயன்று வலியில் முகம் சுளித்தார். பிறகு லீலாபாயின் குரல் தணிந்தது. "ஒரு காரியம் பறயுதேன், அண்ணே. வெயில் வாறதுக்கு முந்தி அதுக பறக்காது. குளிருக்கு அடங்கி, வாசல்ல நாலஞ்சு காவலுக்கு நிக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு படம் வேணும்லா? விடியக் காலத்த வாங்க. நான் முன்னால நிக்குதேன்."

வேண்டா என்று சொல்ல வாய் திறந்தேன். "எப்போது?" என்று கேட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாத நேரம். தளிர்களுக்கிடையே வானம் சாம்பல் நிறம். நைட்டியின் மேல் சிவப்புக் கட்டம் போட்ட துவர்த்துத் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு லீலாபாய் முன்னே நடந்தார். ஊசியை என்னிடம் கேட்டு வாங்கி, மூடியைக் கழற்றி, பேனா பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். எங்கே குத்துவது என்று இருமுறை என்னையே காட்டச் சொல்லியிருந்தார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. அவருடைய செபமாக இருக்கும். என்னுடையது எனக்குள் ஓடிற்று. வண்டு என்னும் சொல்லுக்கு வரும்போது இப்போதும் தடுக்கியது. அதைத் தாண்டி அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டியின் வாசலில் அவை நின்றன. நான்கோ ஐந்தோ. முன்கால்களை உயர்த்தி, பனி அரும்பிய மயிர்களோடு. ஒன்று தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது.

"என் தோளுக்கு மேல கூடி எடுங்க" என்றார் அவர், அசையாமல். "மூச்ச அதுக மேல விடாதிய."

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினேன். பொத்தானை அழுத்தினேனா, நடுக்கமே அழுத்தியதா, தெரியாது.

கிள்ளான் திரும்பியதும் புவனேசுவரி அம்மையார் அச்சுக்கான படிகளை அனுப்பியிருந்தார். வண்டுப் படம் எல்லார்க்கும் பிடித்திருக்கிறதாம். இடப்புறம் ஏதோ சிவப்பாக மங்கலாகப் பாதிப் பக்கத்தை மறைக்கிறது, அதை வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தார்.

வெட்ட வேண்டா என்று எழுதினேன். அதற்குப் பின்னால்தான் நான் நின்றிருந்தேன்.